அயினிமூட்டு மாமி கண்டது

மாமி பொய்யே சொல்ல மாட்டார் என்று யாராவது சொன்னால் எனக்கு எரிச்சல் வரும். பொய் சொல்லாத ஆட்கள் எங்கள் ஊரில் வேறும் உண்டு. மாமியின் சங்கதி அதல்ல. தன் கண்ணால் காணாத எதையும் மாமி சொல்ல மாட்டார். அடுத்தவனையும் சொல்ல விட மாட்டார். இந்த இரண்டாவது குணம்தான் என்னை வருஷக்கணக்காகப் படுத்தியது.

திருவட்டாற்றிலிருந்து மலைப்பக்கம் போகிற ரோட்டில் எங்கள் பஸ் ஸ்டாப்புக்குப் பெயர் அயினிமூடு. ரோட்டோரம் நிற்கும் கிழட்டு அயினி மரத்தின் மூட்டில், அதாவது அடியில், பஸ் நிற்பதால் வந்த பெயர். நாலு பேர் கைகோத்து நின்றாலும் அடிமரத்தை வளைக்க முடியாது. ரோட்டுக்கு முதுகைக் காட்டி, ரப்பர் தோட்டத்தைப் பார்த்தபடி அதில் ஒரு பொந்து. குனிந்து நுழைந்துவிட்டால் உள்ளே ஒரு ஆள் நிமிர்ந்து நிற்கலாம். பொந்தின் வாயில் நல்லமிளகுக் கொடி படர்ந்து தொங்குவதால், சொன்னால்தான் அங்கே பொந்து இருப்பது தெரியும். பண்டு வேணாட்டு ராஜா ஒருவரைப் பகையாளிகள் துரத்திக்கொண்டு வந்தபோது அவர் அந்தப் பொந்தில் ஒளிந்து தப்பினார் என்பது ஊர்ப் பேச்சு. நெய்யாற்றங்கரைக்காரர்கள் இதே கதைக்கு ஒரு பலா மரத்தைக் காட்டுவார்கள். காட்டட்டும். உயிருக்குப் பயந்து ஓடுகிற ராஜா ஒரே மரத்திலா ஒளிந்திருப்பார்?

மரத்துக்கு எதிரே என் டீக்கடை. மரத்துக்குப் பின்னால் மாமியின் வீடு. மாமி எனக்கு ஒரு வகையிலும் சொந்தமில்லை. ஊரில் எல்லாருக்குமே அவர் அயினிமூட்டு மாமி. சர்ச் காணிக்கைக் கவரைத் தவிர வேறெங்கும் அவருடைய பெயர் எழுதியிருந்து நான் பார்த்ததில்லை.

ஆதிகேசவப் பெருமாளைத் தொழுதுவிட்டு அப்படியே மரத்தையும் பார்த்துவிட்டுப் போகலாம் என்று ஆட்கள் வருவார்கள். காரை நிறுத்துவார்கள், மரத்தை அண்ணாந்து பார்ப்பார்கள், பிறகு டீக்கு வருவார்கள். மரத்தைப் பற்றிக் கேட்பார்கள். நானும் சொல்வேன். சும்மா சொல்வதா? குதிரைக் குளம்புச் சத்தம் உண்டு, ராஜாவின் மோதிரம் இருட்டில் மினுங்குவது உண்டு, பொந்துக்கு வெளியே ஒரு வாள் உரசுவதும் உண்டு. கேட்கிறவர்கள் இன்னொரு பழ பஜ்ஜி வாங்குவார்கள்.

ஒருநாள் மதுரைப் பக்கத்திலிருந்து புதிதாகக் கல்யாணமான ஜோடி ஒன்று வந்தது. நான் குதிரையைக் கொண்டுவந்து மரத்தடியில் நிறுத்திய நேரம், நைட்டிக்கு மேல் தோர்த்துத் துண்டைப் போட்டுக்கொண்டு மாமி ரோட்டைத் தாண்டி வந்தார்.

"குதிரையா?" என்றார்.

"ஆமா மாமி. குதிரையிலதானே துரத்தி வந்தாவ."

"நீ கண்டியா?"

அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கு முகம் சிவந்துவிட்டது. "ராஜா காலத்துல நான் எங்க மாமி இருந்தேன்?"

"பின்ன எதுக்கு சொல்லிய? மரம் பெருசா இருக்கு. அத சொல்லு. அது எல்லாருக்கும் காணலாம்." பிறகு அந்த ஜோடியைப் பார்த்து, "வாருங்க, உள்ள கேறி நில்லுங்க. வவ்வாலு கெடக்கும், ஒண்ணும் செய்யாது" என்று கூட்டிக்கொண்டு போய்விட்டார். கொடியை விலக்கிக் காட்டுவது, உள்ளே நிற்கச் சொல்வது, வெளியே வந்ததும் தலையில் ஒட்டிய தூசியைத் தட்டிவிடுவது, அவ்வளவுதான் மாமியின் விருந்தோம்பல். ராஜா இங்கே இருந்தாரா என்று கேட்டால், "தெரியாது மக்கா" என்பார். வந்தவர்கள் முகம் விழுந்துவிடும். என் பழ பஜ்ஜி எண்ணெயில் கிடந்து கறுத்துப்போகும்.

சர்ச்சிலும் இதே கூத்துதான். எங்கள் சபையில் மாதம் ஒருமுறை சாட்சி சொல்லும் நேரம் உண்டு. கர்த்தர் தங்களுக்குச் செய்த நன்மையை ஒவ்வொருவராக எழுந்து சொல்வார்கள். மாமிக்கு முட்டுவலி தேறியிருந்தது. போதகர் ஆசையாக, "அம்மா, நீங்க சாட்சி சொல்லணும்" என்று எழுப்பிவிட்டார். மாமி எழுந்து, "முட்டுவலி கொறஞ்சிருக்கு. ஜெபமும் செய்தேன், நெய்யூரு ஆஸ்பத்திரியில தந்த குளிகையும் தின்னேன். எதுல கொறஞ்சுதுண்ணு எனக்குத் தெரியாது. ரெண்டுக்கும் ஸ்தோத்திரம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். பாட்டுக்காரர்கள் ஆமென் சொல்வதா வேண்டாமா என்று தெரியாமல் முழித்தார்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் சிரிக்க முடிந்த காரியங்கள். சிரிக்க முடியாததும் உண்டு. என் தங்கை மகனுக்கு ஒரு நல்ல சம்பந்தம் வந்தது. பெண் வீட்டார் வழக்கம்போல் ஊருக்குள் வந்து அக்கம்பக்கத்தில் விசாரித்தார்கள். எல்லாரும் பையனைத் தூக்கி வைத்துப் பேசினோம். கடைசியாக மாமி வீட்டுப் படி ஏறினார்கள்.

"பையன் எப்படி?"

"காலத்த வேலைக்குப் போவான். அந்திக்கு வருவான். ஹெல்மெட்டு போடுவான்."

"குடிகிடி ஏதாவது?"

"நான் காணல்ல."

எங்கள் ஊரில் இப்படி விசாரிக்க வந்தவர்களிடம் ஒருவர் 'நான் காணல்ல' என்றால் அதற்கு என்ன அர்த்தம் எடுப்பார்கள் என்று சின்னப்பிள்ளைக்கும் தெரியும். பெண் வீட்டார் டீகூடக் குடிக்காமல் காரைத் திருப்பிவிட்டார்கள். அந்தப் பையன் அன்றும் குடித்ததில்லை, இன்றும் குடிப்பதில்லை. என் தங்கை வந்து மாமியின் முற்றத்தில் நின்று அழுதாள். "குடிக்க மாட்டாண்ணு ஒரு வார்த்த சொன்னா ஒங்களுக்கு என்ன மாமி போச்சு?"

"அவன் எனக்க வீட்டுக்குள்ளயா இருக்கான்? குடிக்கிறத நான் காணல்ல. குடிக்காம இருக்கிறத எப்பிடி காண முடியும்? நீயே சொல்லு."

தங்கை அதன்பின் ரொம்ப காலம் மாமியோடு பேசவில்லை. அவளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. எனக்குமே மாமியைப் பார்த்தால் பயம் வந்துவிட்டது.

மாமி இப்படி ஆன காரணம் ஊரில் பெரியவர்கள் எல்லாருக்கும் தெரியும். ஆனால் யாரும் பேசமாட்டோம்.

மாமியின் மாப்பிள்ளை (புருஷனை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) வளைகுடாவில் வெல்டர். லீவு முடிந்து கடைசியாகப் போனபோது அயினிமூட்டில் நின்றுதான் திருவனந்தபுரம் பஸ் ஏறினார். அது கழிந்து சில மாதத்தில் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் அதே நாட்டிலிருந்து லீவில் வந்தார். அந்தக் காலத்தில் லீவில் வருகிறவன் அங்கே வேலை செய்யும் எல்லாருடைய வீட்டுக்கும் போய் ஒரு சோப்பும் ஒரு பவுடர் டப்பாவும் கொடுத்து, நல்ல வார்த்தை சொல்லிவிட்டு வருவது வழக்கம். அவரும் மாமி வீட்டுக்கு வந்தார். "அண்ணன் நல்லா இருக்காவ அக்கா. வாறதுக்கு முந்துன நாளுகூடக் கண்டேன். தடிச்சிருக்காவ" என்றார். மாமி சந்தோஷத்தில் நெய்மீன் கறி வைத்துச் சோறு போட்டார்.

அதே வாரத்தில் கம்பெனியிலிருந்து சேதி வந்தது. வேலைத்தலத்தில் விபத்து. அந்த ஆள் விமானம் ஏறுவதற்கு முன்பே அது நடந்து முடிந்திருந்தது. அங்கேயே அடக்கமும் செய்துவிட்டார்கள். உடல் வரவில்லை, படம் வரவில்லை, ஒரு சட்டைகூட வரவில்லை.

அந்த ஆள் கெட்டவர் இல்லை. இருவருக்கும் வேலை வேறு வேறு ஊரில். அவர் மாமியின் மாப்பிள்ளையைப் பார்த்தே ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஆனால் ஒரு வீட்டுப் படி ஏறிவிட்டு, 'எனக்குத் தெரியாது அக்கா, நான் காணல்ல' என்று எவனால் சொல்ல முடியும்? நான் போயிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். தடித்திருக்கிறார் என்பதையும் சேர்த்துத்தான் சொல்லியிருப்பேன்.

மாமி அந்த ஆளின் வீட்டுக்கு நடந்தே போனார். திட்டவில்லை, மண்ணை வாரித் தூற்றவில்லை. "நீ கண்டியா?" என்று மட்டும் கேட்டார். அவர் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். மாமி திரும்பி வந்துவிட்டார். அன்று தொடங்கியது அந்தக் கேள்வி. சர்ச்சில் நினைவு ஆராதனை வைத்தார்கள். மாமி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஆனால் மாப்பிள்ளை செத்துவிட்டார் என்று மாமி வாயால் யாரும் கேட்டதில்லை. யாராவது கேட்டால், "போனவரு வரல்ல" என்பார். அதற்கு மேல் பேச மாட்டார்.

இனி ரோட்டுக் கதைக்கு வருகிறேன். ஜல்லி லாரிகள் கூடிப்போனதால் ரோட்டை அகலமாக்க முடிவு செய்தார்கள். ஒருநாள் காலையில் கடை திறக்கும்போது அயினி மரத்தில் சிவப்புப் பெயின்டில் ஒரு நம்பர் இருந்தது. முறிக்கப்போகிற மரங்களுக்குத்தான் அந்த நம்பர் போடுவார்கள். மரம் போனால் யார் வண்டியை நிறுத்துவார்கள்? டீக்கடையில் நான் ஈ ஓட்டுவதா? நானும் சர்ச் செயலாளரும் அலைந்து திரிந்து மனு கொடுத்தோம். ஒரு அதிகாரி நேரில் வந்து பார்ப்பார், மரத்துக்குச் சரித்திரம் ஏதாவது உண்டு என்றால் ரோட்டை வளைக்க யோசிக்கலாம் என்று பதில் வந்தது. மரத்தின் பாதி வேர் மாமியின் வீட்டுப் பறம்பில் ஓடுவதால் அதிகாரி மாமியைத்தான் முக்கியமாக விசாரிப்பார் என்றும் சொன்னார்கள்.

செத்தோம் என்று நினைத்தேன்.

இருவரும் மாமி வீட்டுக்குப் போனோம். செயலாளர் பணிவாகத் தொடங்கினார். "மாமி, ராஜா ஒளிஞ்சிருந்தாருண்ணு ஒரே ஒரு வார்த்த. பெரிய காரியம் ஒண்ணும் இல்ல."

"நான் காணல்லியே."

"ஒங்க அப்பா சொல்லிக் கேட்டேன்னு சொல்லுங்க. அது பொய்யில்லல்லா?" என்றேன் நான்.

"எங்க அப்பா அப்பிடி சொல்லல்ல. மரத்துல கேறாத, விழுந்து சாவேண்ணுதான் சொன்னாரு."

எனக்குப் பொறுக்கவில்லை. "அப்பம் மரம் போட்டும், இல்லியா? ஒங்களுக்கு அதுல ஒண்ணும் இல்ல!"

மாமி தோர்த்தை உதறித் தோளில் போட்டார். குரல் நடுங்கியது. "ஏலே, மரத்த முறிச்சா எனக்கு சந்தோஷம்ணா நினைக்கிய? இந்த மரம் போனா எனக்கு என்ன இருக்கு? போ. போய் டீ ஆத்து."

மாமியின் குரல் நடுங்கி நான் கேட்டது அன்று ஒருமுறைதான். திரும்பும் வழியில் செயலாளர், "மாமி வாயாலதான் மரம் விழப்போவுது" என்றார். எனக்கும் சந்தேகம் இருக்கவில்லை.

அதிகாரி ஜீப்பில் வந்தார். சேலம் பக்கத்துக்காரர், வயது அதிகமில்லை, நெடுநெடுவென்று இருந்தார். முதலில் என்னிடம் கேட்டார். நான் என் சரக்கு முழுவதையும் இறக்கினேன். குதிரை, மோதிரம், வாள், ஒன்றையும் விடவில்லை. பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இதுக்கு ஆதாரம் ஏதாவது இருக்குங்களா?" என்றார். பின்னால் நின்ற மாமியைப் பார்க்கவே எனக்குத் தைரியம் இல்லை.

அந்த நேரம் பார்த்து மலைப்பக்கம் கறுத்து, சடசடவென்று மழை இறங்கியது. அவருடன் வந்த ஆட்கள் எல்லாரும் என் கடைக்குள் ஓடிவந்தார்கள். டீ கேட்டார்கள், கொடுத்தேன். கொஞ்சம் கழிந்துதான் டிரைவர் கேட்டார், "சார் எங்க?"

சாரைக் காணவில்லை. ஜீப்பில் இல்லை. அவருடைய போன் ஜீப்பின் சீட்டில் கிடந்து அடித்தது. டிரைவர் குடையை எடுத்துக்கொண்டு ரோட்டைத் தாண்டி ஓடினார். மரத்தடியில் மாமி கறுப்புக் குடை பிடித்து நின்றுகொண்டிருந்தார்.

"அம்மா, சார் இந்தப் பக்கம் போனாரா?"

"போகல்லியே" என்றார் மாமி.

டிரைவர் மரத்தை முழுதாக ஒரு சுற்றுச் சுற்றினார். ரப்பர் தோட்டத்துக்குள் இறங்கி, "சார், சார்" என்று கூவினார். கடையில் நின்றவர்களும் பயந்துபோய் மழையில் இறங்கித் தேட ஆரம்பித்தார்கள். பக்கத்தில் ஆழமான வாய்க்கால் ஒன்று வேறு ஓடுகிறது. ஒருவர் மரத்தில் சாய்ந்து நின்றுகொண்டே போலீசுக்குச் சொல்லலாமா என்றார். மாமி குடையோடு நின்ற இடத்தை விட்டு அசையவில்லை.

மழை வெறித்து நின்றது. நல்லமிளகுக் கொடி விலகியது. சட்டையில் வவ்வால் எச்சமும் தலையில் மரத்தூளுமாக அதிகாரி குனிந்து வெளியே வந்தார். "அம்மாதான் உள்ள நிக்கச் சொன்னாங்க" என்றார். சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. "டிரைவர் கால் எனக்குப் பக்கத்துல தெரியுது. கூப்பிடலாம்னு வாய் வருது. ஆனா கூப்பிடத் தோணல."

மாமி வழக்கம்போல் அவர் தலையில் ஒட்டிய தூளைத் தட்டிவிட்டார். நாங்கள் எல்லாரும் சுற்றி நின்றோம்.

"சாரே, ராஜா இதுக்குள்ள இருந்தாராண்ணு கேட்டா எனக்குத் தெரியாது. நான் காணல்ல. இவன் சொல்லுத குதிரையும் எனக்குத் தெரியாது. ஆனா உள்ள ஒரு ஆளு நிண்ணா, சுத்தி நிண்ணு தேடினாலும் கிட்டாது. அத இண்ணைக்கு நான் கண்டேன். நீங்களும் கண்டிய. இதுக்கு மேல எனக்குச் சொல்லத் தெரியாது."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரிம்மா. உங்களுக்கு இந்த மரம் வேணுமா?"

"வேணும்."

"ஏன்?"

மாமி குடையை மடக்கினார். "எனக்க மாப்பிள்ள இந்த மூட்டுல நிண்ணுதான் பஸ்சு கேறுனாவ. ஜன்னல் வழியா கை காட்டுனாவ. அத நான் கண்டேன். பெறவு காணல்ல."

அதிகாரி என்னைப் பார்த்து, "டீ கிடைக்குமா?" என்றார். குடித்தார், ஜீப்பில் ஏறினார், போய்விட்டார்.

காரியம் கெட்டது என்றுதான் ஊரே சொன்னது. ராஜா ஒளிந்த மரம் என்றால் ஒரு மதிப்பு. பஸ் ஏறின மரத்தை எவன் காப்பாற்றுவான்? ஆனால் சில மாதம் கழித்து ஆட்கள் வந்து புதிதாக அளந்தார்கள். சிவப்பு நம்பரின் மேல் கறுப்புப் பெயின்ட் அடித்தார்கள். ரோடு அயினிமூட்டில் வளைந்து போகும் என்று சொன்னார்கள். நான் கடையில் இருந்த எல்லாருக்கும் ஓசியில் டீ கொடுத்தேன். கொடுத்து முடிக்கும்போதுதான் அளவுக்கல்லைக் கவனித்தேன். ரோடு வளைவது என் பக்கம். கல்லை என் அடுப்புக்குப் பக்கத்தில் நட்டிருந்தார்கள். அட கர்த்தாவே! மரத்துக்காக மாடாய் அலைந்தவன் நான், போனது என் கடை.

மறுநாள் மாமி வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். கல்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "கடைய எனக்க பக்கம் மாத்து. விறகுப்பெரைய ஒழிச்சுத் தாறேன்."

"மரத்து மூட்டுலயா?"

"மரத்து மூட்டுலதான். ராஜா வேணும்ணா வந்துட்டுப் போட்டும். ஆனா குதிரை வேண்டாம் மக்கா."

இன்று வரை குதிரையை நான் கொண்டுவந்ததில்லை. ராஜாவையும் 'என்று சொல்லுவார்கள்' என்று சேர்த்துத்தான் சொல்கிறேன். கடை முன்பைவிட நன்றாகவே ஓடுகிறது.

போன மழைக்காலத்தில் மாமி காய்ச்சலில் கிடந்து, நெய்யூர் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். நான் பக்கத்தில் இருந்தேன், கண்டேன். அன்று முழுக்க அழுதேன். என்னை அவ்வளவு படுத்தின மனுஷிக்காக இப்படி அழுவேன் என்று நான் நினைத்ததே இல்லை. கல்லறையில் பேசினவர்கள் மாமியை வானத்துக்குத் தூக்கினார்கள். பேச்சு ஊருக்குள் நடக்க நடக்க வளர்ந்தது. ஜேசிபி முன்னால் மாமி படுத்தார் என்றார்கள். மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விடிய விடிய நின்றார் என்றார்கள்.

போன வாரம் ஒரு பெண் மைக்கும் கேமராக்காரருமாக வந்தாள். மரத்தைச் சுற்றிச் சுற்றிப் படம் பிடித்துவிட்டு என் கடைக்கு வந்தாள். சர்ச் செயலாளரும் பெஞ்சில் இருந்தார்.

"இந்த மரத்துக்காக ஒரு அம்மா ஜேசிபி முன்னால படுத்தாங்களாமே? நீங்க பார்த்தீங்களா?"

சொல்லு சொல்லு என்று செயலாளர் கண்ணைக் காட்டினார். சொல்லியிருந்தால் அந்தப் படம் நாடு முழுக்க ஓடியிருக்கும், என் கடை முன்னால் வண்டி நிறுத்த இடமிருக்காது. எனக்கு அப்படிச் சொல்ல நாக்கும் உண்டு.

"இல்ல" என்றேன். "ஜேசிபி வரவே இல்ல."

"மரத்தைக் கட்டிப்பிடிச்சு..."

"நான் காணல்ல. மழை பெஞ்சுது. மாமி குடை பிடிச்சு நிண்ணாவ. ஆபீசரு பொந்துக்குள்ள நிண்ணாரு. எனக்க மாப்பிள்ள இஞ்ச நிண்ணு பஸ் கேறுனதக் கண்டேன், பெறவு காணல்லண்ணு மாமி சொன்னாவ. அதுதான் நடந்தது."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

கேமராவை அணைத்துவிட்டார்கள். அந்தப் பெண் டீயை வாங்கிக்கொண்டு, சும்மா கேட்கிற மாதிரி கேட்டாள். "அந்த அம்மாவோட ஹஸ்பெண்ட் என்ன ஆனார்? இறந்துட்டாரா?"

ஆமா என்று வாய் வரை வந்துவிட்டது. திரும்பி மரத்து மூட்டைப் பார்த்தேன். பஸ் ஒன்று வந்து நின்று, ஆளேற்றிக்கொண்டு போனது.

"போனவரு வரல்ல" என்றேன்.